பத்தில் ஒரு பங்கு

ஒரு மணி நேரத்தைப் பத்தாக நறுக்கி விற்கிறேன்.
துண்டு ஒன்று ஆறு நிமிடம்.
நீங்கள் தும்மி, நான் நலம் விசாரித்து,
நீங்கள் மூக்கைத் துடைப்பதற்குள்
ஒன்று தீர்ந்துவிடும்.

டுலூத்தில் பிப்ரவரி.
சுப்பீரியர் ஏரி கரையோரம் இறுகிக் கிடக்கிறது.
வெள்ளிக்கிழமை, நாலு ஐம்பது.
முதலாளிகளுக்கு இந்த நேரத்தில்தான் வீரம் வரும்.
கர்ட் ஷ்ராக் கூப்பிடுகிறார்:
உறைந்த பீட்சா ஆலை, இருநூற்றுப் பதினாறு பேர்.

"மார்லா, டெல்மர் பெல்கார்டை இன்னைக்கே அனுப்பணும்.
ஃபோர்க்லிஃப்ட்லயே தூங்கிட்டான். படம் இருக்கு."

படம் வந்தது.
நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார்,
கையுறை போட்ட கைகள் மடியில்.
தூங்குவதற்கு முன் வண்டியை அணைத்திருக்கிறார்,
பிரேக் போட்டிருக்கிறார்,
தூக்குக் கவைகளைத் தரையோடு தரையாக இறக்கியிருக்கிறார்,
கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கத்தில்
நான் எழுதியிருக்கிறபடியே.

அந்தக் கையேட்டில் முன்பெல்லாம் முதல் வரி
'நாம் ஒரு குடும்பம்.'
அடித்தேன். என்றைக்காவது ஒருவர்
அதை ஜூரிக்கு வாசித்துக் காட்டுவார்.
'நிரந்தரம்' அடித்தேன்.
'எப்போதும் போல' என்பதில் 'எப்போதும்' அடித்தேன்,
'போல' தனியே நின்றது, அதையும்.
'வருந்துகிறோம்' மட்டும்
எத்தனை கடிதங்களில் என்று கணக்கில்லை.
வருத்தம் கையெழுத்தோடு வந்தால் ஒப்புதல்.
போன மாதம் வெர்னா ஓல்ஷெவ்ஸ்கி, பொட்டலப் பிரிவு, அறுபத்தோரு வயது.
அவருடைய கடிதம் நாலே வரி.
ஒரு சொல்லிலும் விரல் வைக்க முடியாது.
நானே திரும்பப் படித்துப் பார்த்தேன்,
முடியவில்லை.

"எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்?"
மறுமுனையில் காகிதம் புரள்கிறது.
"நேத்து... ராத்திரி ஒன்பதரைக்கு.
காலை ஷிஃப்ட் ஆளுங்க பனியில மாட்டிக்கிட்டாங்க.
இருன்னு சொன்னோம்."
"யார் சொன்னது?"
"நான்தான்."

இந்த இடத்தில் சொல்ல
என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது,
வெட்கம் என்று தொடங்குவது.
அதைக் கேட்க அவர் எனக்குக் காசு கொடுக்கவில்லை.
அதனால் இப்படிக் கேட்டேன்:
"கூடுதல் நேரச் சம்பளம் பற்றி
டெல்மர் எப்போதாவது புகார் கொடுத்தாரா?"

"ஜனவரியில. ஒரே ஒரு தடவை."

"அப்படியானால் இது தூக்கம் இல்லை, கர்ட்,
பழிவாங்கல் வழக்கு.
பாக்கி, அதற்கு இரட்டிப்பு,
எதிர்த்தரப்பு வக்கீல் செலவும் உங்கள் தலையில்."

ஒரு தொகை சொன்னேன்.
கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.
அந்தக் கொஞ்சத்துக்கு என்ன பெயர் என்று
என்னைக் கேட்காதீர்கள், எழுத்தில் கேட்கவே கேட்காதீர்கள்.

நெடுநேரம் அவர் மூச்சு மட்டும்.
பிறகு, "சரி. திங்கட்கிழமை வரட்டும்."

என் கையில் கருணை இருந்தால்
அதை இப்படித்தான் கரை சேர்க்கிறேன்,
'ஆபத்து' என்று சீட்டு ஒட்டிய பெட்டியில்.
வெர்னாவுக்கு ஒட்ட
அன்று என்னிடம் சீட்டு இல்லை.

நேரக் கணக்கில் எழுதினேன்:
தொலைபேசி ஆலோசனை, பணிநீக்கம், மூன்று துண்டு.
அழைப்பு முடிந்தபின்
படத்தை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு துண்டு.
மூன்றை அடித்து நான்கு ஆக்கினேன்.
கொடுக்கட்டும் கர்ட்,
அதையும்.