அறுநூறு கிலோ அதிகம்

வாந்தா விமான நிலையத்தின் மூன்றாம் மாடியில்
கோடு கிழிப்பது என் வேலை.
ஹெல்சிங்கியிலிருந்து ஹனேடாவுக்கு
ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், சொச்சம்.
பூமி உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால்
சைபீரியாவின் மேல் படியும்.
ஒன்பதரை மணி நேரம்.
சோவியின் கணக்கில் மூன்று படம், ஒரு தூக்கம்.

பிறகு வானத்தைப் பூட்டினார்கள்.
இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள்.
நூல் பத்தவில்லை.
தெற்கே போனால் துருக்கி, காஸ்பியன், கசகஸ்தான், சீனா.
வடக்கே போனால் துருவம் தாண்டி
அலாஸ்காவின் ஓரமாய்க் கீழே.
எப்படிப் போனாலும் பதின்மூன்று மணி நேரம்.

"ஜப்பான் நகர்ந்து போயிடுச்சா?"
இல்லை என்றேன்.
அப்பா அதே கமாட்டாவில், அதே நாலாவது மாடியில்,
மூடி சரியாக மூடாத அதே ரைஸ் குக்கரோடுதான் இருக்கிறார்.
"அப்போ நடுவுல இருக்கறது பெருசாயிடுச்சு."

நானும் மசனோரியும் பிரிந்தது
வானம் பூட்டுவதற்கு முந்தைய வருடம்.
அப்போது தூரம் ஒன்பதரை மணிதான்.

இன்று அந்தக் கோட்டில் அவளே போகிறாள்.
இருக்கை முப்பத்தொன்று கே.
கழுத்தில் மஞ்சள் அட்டை, துணையில்லாக் குழந்தை என்று.
வாயில் ஆடும் கீழ்ப்பல்.
விமானத்தில் விழுந்தால் எந்த நாட்டுப் பல்?
இங்கே என்றால் தண்ணீர் டம்ளரில் போட வேண்டும்.
அங்கே கீழ்ப்பல்லைக் கூரைமேல் வீச வேண்டும்.
கண்ணாடிக் கதவு மூடும்வரை
நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே போனாள்.

நான் மாடியேறி வந்து காற்றைப் பார்த்தேன்.
இன்று வடக்கு வழி.
பயணிகள் இருநூற்று அறுபத்தொன்று.
அடியில் நார்வே சால்மன் பதினோரு டன், ஐஸோடு.
எரிபொருள்: வழிக்கு இவ்வளவு,
ஹனேடா மூடினால் நரிட்டாவுக்கு இவ்வளவு,
அதன்மேல் அறுநூறு கிலோ.

கேப்டன் ரௌத்தியோ போன் செய்தார்.
"அங்கே வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது.
எதற்கு இந்த அறுநூறு?"

சுமக்கும் எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் எரியும்,
இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.
பதின்மூன்று மணி தாண்டி
அறுநூற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும்.
நாலு நிமிடம்கூடப் பறக்க வராது.

"காற்று" என்றேன்.

போனில் இஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது,
பக்கத்து விமானத்தினுடையது.
"சரி, காற்று" என்று கையெழுத்துப் போட்டார்.

ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.
பத்து மணிக்குத் திரையில் அந்தப் புள்ளி
துருவத்தை நெருங்கியது.
தீர்க்கரேகை எண்கள் பைத்தியம் பிடித்தாற்போல் ஓடின.
பெர்ட்டா மெஷினில் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள்.
பெரிங் கடலுக்கு மேல் நான் தூங்கிவிட்டேன்.

காலை ஏழு, இன்னும் விடியவில்லை.
இரண்டு வருடத்தில் முதல்முறையாக
வக்கீல், பணம் இல்லாத ஒரு செய்தி மசனோரியிடமிருந்து:
வந்துவிட்டாள். ஒரு பல் குறைவு.

கூடவே ஒரு படம்.
சர்க்கரைப் பொட்டலத்தின் காலி உறை,
மேலே ரௌத்தியோவின் கிறுக்கல் கையெழுத்து,
எண்பத்தெட்டு பாகை வடக்கு.
எங்கே விழுந்தது என்று
அவரிடமே கேட்டுவரச் சொல்லி அடம் பிடித்தாளாம்.

கூரையா தண்ணீரா என்று கேட்கிறாள்,
நான் என்ன சொல்ல?

அடித்தேன், அழித்தேன்.
அங்கே மதியம் இரண்டு.
ராத்திரி தண்ணீரில் போடு,
காலையில் மாடிக்குப் போய் இரண்டு பேரும் வீசுங்கள்.

பிறகு அன்றைய தாளை முடித்தேன்.
பதினோரு நிமிடம் முன்னதாகவே இறங்கியிருக்கிறது.
மிச்ச எரிபொருள் என்ற கட்டத்தில்
என் முந்நூற்றுச் சொச்சத்தைத் தேடினேன்.
மற்றதோடு கலந்துவிட்டது, பிரித்துக் காட்டவில்லை.