இரண்டு வெள்ளி

குளிர்பெட்டிக் கதவிடுக்கில்
இரண்டு வெள்ளி நோட்டை வைத்து மூடினான் அருளப்பன்.
இழுத்தால் வரக்கூடாதாம்.
வழுக்கிக்கொண்டு வந்தது
ஊதா நிறத்தில், சில்லென்று.

இத்தனை மாதமும்
இந்த இடுக்கு வழியாகத்தான் போயிருக்கிறோம்.

ஈசூன் கடையில் ரப்பர் பட்டை பதினெட்டு வெள்ளி.
வெந்நீரில் போட்டு நெளிவெடுத்தான்.
நான் மேற்குச் சன்னலில்
பழைய சாரோங்கைக் கட்டினேன்;
மூன்று மணி வெயில்
பத்தேக் பூக்களில் சிக்கி நின்றது.

இரவு, பதினோராம் மாடி, விசிறி மட்டும்.
முனகிக்கொண்டேயிருந்த குளிர்பெட்டி
சட்டென அடங்கியது.
பக்கத்து வீட்டு ஏர்கான் சொட்டுவது
முதன்முறையாகக் கேட்டது.

எழுந்துபோய்
நோட்டை மறுபடி வைத்தான். இழுத்தான்.
கிழித்துவிடுவான் போல.

விடு, அங்கேயே இருக்கட்டும்,
காலையில்
கோப்பிக்கு ஆகும்.