பதினேழு எழுத்து

கப்பல் வியாழக்கிழமை.
மாலைக்குள் பணம் என்கிறான் நுக்ஸார்.
நியூஜெர்சி ஏலக்கூடத்து மழையில் நிற்கிறது வண்டி,
சாம்பல் நிறம், இடது கதவில் ஒரு நசுங்கல்.
ருஸ்தாவியில் தட்டி எடுத்துவிடலாம், அது ஒன்றுமில்லை.

லமாரா சேசிஸ் எண்ணைத் தட்டுகிறாள்.
ஏற்கவில்லை.
நுக்ஸாரின் கிறுக்கலில் ஓ போலிருந்தது பூஜ்யம்.
மறுபடி.

நிறுவனம் திரும்ப அழைத்த வண்டி.
ஓட்டுபவர் பக்கத்து ஏர்பேக்.
விரியும்போது இரும்புச் சில்லு தெறிக்கலாம்.
இன்னும் மாற்றப்படவில்லை.

எத்தனை கடிதம் போட்டிருப்பார்கள்
ஒஹாயோவில் யாரோ காலி செய்துபோன வீட்டுக்கு.
கடிதங்கள் அங்கேயே கிடக்க
வண்டி மட்டும் கைமாறிக் கைமாறி
கடல்வரை வந்துவிட்டது.

"இங்கே யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்?
முட்டினால்தானே வெடிக்கும்?"

முட்டினால்தான்.

பணத்தைப் பைக்குள் திரும்ப வைத்தவள்
எழுந்து போகவில்லை.
தம்பி தெமூரின் காப்பீட்டுத் தாளைப்
போனில் தேடுகிறாள்.
மூன்று வருடமாக ஓட்டுகிறான்,
இதே நுக்ஸார் இறக்கிக் கொடுத்தது.
அந்தப் பதினேழையும் ஒவ்வொன்றாக.

சிவப்பில் அதே வரி.

மணி ஆறு. இந்நேரம்
திபிலீசி சாலையில் இருப்பான்.
மணி அடிக்கிறது அங்கே.
எடுத்துவிடாதே, ஓட்டும்போது எடுத்துவிடாதே என்று
போனைக் காதோடு அழுத்தி நிற்கிறாள்.