எட்டரை கிலோ

மாயவரம் ஜங்ஷன் பார்சல் ஆபீஸ் தராசில்
பையைத் தூக்கி வைத்தேன், சும்மா.
எட்டரை கிலோ.
கிளம்பும்போது பதினாலு.

ஐந்தரை எங்கே போனதென்று
கணக்கெழுதத் தெரியும் எனக்கு.
திருப்பூரில் ஆறு வருடம் அதுதான் வேலை.
ஸ்வெட்டர் போக்கராவில் ஒரு தேநீர்க்கடைப் பையனுக்கு.
கெட்டில் லுவாங் பிரபாங் விடுதி அடுக்களையில்.
மீக்கோங் படகில் காயப்போட்ட ஜீன்ஸ்
காற்றின் பேரில் பற்று.
மிச்சம் ஒன்றேகால் கிலோ
எந்த வரியிலும் டேலி ஆகவில்லை.

முதல் லாட்ஜில் கேட்டார்கள்,
"கூட யார் வர்றாங்க?"
யாருமில்லை.
"தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா."
இரண்டாவதில் அதையே
மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்கள்.

பதினோரு மாதம், ஏழு நாடு.
தூங்குவதுபோல் கன்னத்தில் கைவைத்துக் காட்டி
வாங்கிய அறைகள் எத்தனை!
இங்கே முழு வாக்கியத்தில் கேட்டேன்.
எழுவாய், பயனிலை எல்லாம்
அதனதன் இடத்தில் இருந்தது.

மூன்றாவதில் இருந்தவர் மெஹராஜ் பானு.
ஆதாரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு,
"போட்டோல நல்லா பூசினாப்ல இருக்கீங்க"
என்று சாவியைத் தள்ளினார்.
அறை எண் பதினொன்று. குழாயில் காவி நிறத் தண்ணீர்.
துணி துவைத்தேன்.
வேறென்ன செய்வது, கடைசி ஊர்களில்?

அம்மா போன். "டிக்கெட் போட்டாச்சா?"
நாளன்னைக்கு என்றேன்.
மறுநாளும் நாளன்னைக்குதான்.

மேலையூர்ச் சாலையில் பாதியை
நெல் எடுத்துக்கொண்டிருந்தது.
மிச்சப் பாதியில் பேருந்து, ஆடு, நான்.
அறுவடை மெஷினுக்கு அடியில்
படுத்திருந்தவர் எழுந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.
செங்கோடன், ஆத்தூர்ப் பக்கம்.
தை பிறந்ததும் ஏறியவர், இன்னும் இறங்கவில்லை.
இது முடிந்தால் நெல்லூராம்.
பையைப் பார்த்தார்.
"வீட்ட வுட்டு எத்தன நாளாச்சு?"
சொன்னேன்.
பெருமூச்சு விட்டார், தொழில்காரர் தொழில்காரருக்கு விடுவது.
"உங்களுது என்ன வண்டி?"
வண்டி இல்லை.
அதன்பின் என்ன கேட்பதென்று
அவருக்கும் தெரியவில்லை, எனக்கும்.
டீ மட்டும் இன்னும் அரை டம்ளர் வந்தது.

காவிரி கடலில் கலக்கும் இடம் என்று
நாலாம் வகுப்பில் கோடிட்ட இடத்தை நிரப்பியிருக்கிறேன்.
பூம்புகாரில் போய் நின்றால்
கலக்கவில்லை.
மேட்டூர் மூடி மூன்று வாரம்.
கொள்ளிடம், வெண்ணாறு, குடமுருட்டி, அரசலார் என்று
கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தது போக
வாய்க்கால் அகலத்தில், முழங்கால் ஆழத்தில்
மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது,
ரேஷன் கடை சாத்தும் நேரத்தில் வந்தவள் மாதிரி.
அலை இரைச்சல் மட்டும் அந்தப் பக்கமிருந்து.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.
எங்கள் நொய்யலும் கரூர்ப் பக்கம் எங்கோ
இதில்தான் வந்து விழுகிறது.
கிலோ கணக்கில் நான் பில் போட்ட நீலம்,
நான் பில் போட்ட சிவப்பு.
வியன்தியான் இரவுச் சந்தையில் ஒருநாள்
எங்கள் கம்பெனி பனியன் தொங்கக் கண்டு
உள்தையலைத் திருப்பிப் பார்த்ததும்
வெடுக்கென்று கையை எடுத்ததும் ஞாபகம் வந்தது.
ஊரை விட்டு வந்ததாய்த்தான் நினைத்திருந்தேன்.
அது வேறு வழியில் கிளம்பி
கணுக்காலைச் சுற்றி நிற்கிறது.
கலங்கல்தான். சூடாக இருந்தது.
உள்ளங்கையில் அள்ளி
நிறம் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்தேன்.
வண்டல். ஒரு குஞ்சு மீன்.

ஹாரன் கேட்டு ஓடி ஏறினேன்.
லக்கேஜ் எவ்வளவு என்றேன் கண்டக்டரிடம்.
ஒரு கையால் பையைத் தூக்கிப் பார்த்து
"வெயிட்டே இல்லியே, வுடுங்க" என்றார்.

செருப்பு ஆற்றோரமே நின்றுவிட்டது
மேலையூர் தாண்டித்தான் தெரிந்தது.
முந்நூறு கிராம் இருக்கும்.
காலடியில் பேருந்துத் தகடு சுட்டது.
போன் அடித்தது.
எடுக்கத்தான் போகிறேன்,
இந்த நெல்லைத் தாண்டட்டும்.