வேலு என்கிற டெக்ஸ்டர் வேல்

எக்ஸ்ரே இருட்டறையில் பிலிம் கழுவுகிறவன் நான்.
"பிலிம் தெரிந்தவன் ஜீவரத்தினம்தான்" என்று
புரொஜக்டரையும் என் தலையில் கட்டினார்கள்.
எலும்பும் பிலிம், அமெரிக்காவும் பிலிம்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு
ஆண்கள் வார்டுக்குப் பின்னால்
வேப்பமரத்துக்கும் சலவைக்கூடத்துக் கம்பத்துக்கும் நடுவே
இரண்டு வெள்ளைத் துணியை ஒட்டுப்போட்டுக் கட்டுவோம்.
யார் முகம் வந்தாலும் அதில்
நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் தையல்.

காட்பாடியில் இறங்கிய மூன்று பெட்டியிலும் அவன் இருந்தான்.
முதல் படத்தில் மைக் முன்னால் வருகிறான்,
ஒருத்தி பாடப்போகிறாள் என்று சொல்லிவிட்டு
ஒதுங்கிக்கொள்கிறான்.
இரண்டாவதில் கதாநாயகனுக்குச் சிநேகிதன்.
கார் ஓட்டுகிறான், கோட்டு பிடிக்கிறான்,
கல்யாணத்தில் கடைசி வரிசையில் கைதட்டுகிறான்.
மூன்றாவது, கோழிக்குச் சீக்கு வராமல் காப்பது எப்படி.
முழுக்க அவன் குரல்.
முடிவில் மட்டும் கையில் முட்டையோடு ஒரு சிரிப்பு.

அவ்வளவுதான் அவன் சினிமா.

ரேடியோவில் பெரிய ஆளாம்.
அவன் பேசினால் ஊரே
சாப்பாட்டுக் கையோடு உட்கார்ந்திருக்குமாம்.
முகத்தைக் காட்டினான்,
ஊர் கை கழுவப் போய்விட்டது.
டாக்டரம்மா சொன்னது.

டெக்ஸ்டர் வேல் என்று எழுத்து ஓடும்.
நம் ஆட்கள் வேலு என்றார்கள்.

பாலாற்று மணல் ராத்திரியிலும் சுட்ட ஒரு மே மாதம்,
சத்தத்துக்கென்று உள்ளே இருக்கும் குட்டி பல்பு
பட்டென்று போனது.
படம் ஓடுகிறது. மைக் முன்னால்
வாயசைக்கிறான் ரேடியோக்காரன்.
தண்ணியில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில் என்று
இந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு உண்டு.
அதில் இவனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குடியாத்தத்துப் பீடிக்காரர், தொடை வரைக்கும் மாவுக்கட்டு,
"வாயைத் திறந்து பேசுடா!" என்று கத்தினார்.
அவனைச் சொன்னாரோ என்னைச் சொன்னாரோ,
நான் பேசிவிட்டேன்.

"சத்துவாச்சாரியிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே,
அடுத்துப் பாட வருவது கொசப்பேட்டை கோமளா.
இருமுகிறவர்கள் இப்போதே இருமிவிடவும்."

"ஐயோ தையல் பிரியும், நிறுத்து" என்று
ஓடிவந்த நர்ஸ் ஒருத்தி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

நாலாவது வாரம் மெட்ராசிலிருந்து புது பல்பு வந்தது.
பஞ்சில் சுற்றி மேஜை அறைக்குள் வைத்தேன்.
"இன்னும் வரலை சார்."

ஏழு வருஷம்.
அதே மைக், அதே கோட்டு, அதே முட்டை.
வேலு தாசில்தாராக இருந்தான்,
ஆம்பூர்த் தோல்மண்டியில் கணக்கெழுதினான்,
சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனான்.
கோழிப் படத்தில் அவனுக்கு
ஒரு கல்யாணமே பண்ணிவைத்தேன்.
வெளிநோயாளிகள் கூட
சனிக்கிழமைக்கு வயிற்றுவலி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு மிஸ் ஆல்டன் வந்தாள், அவன் ஊர்ப்பக்கத்துக்காரி.
திரையைப் பார்த்ததும், "ஓ, இவரா!
எங்கள் வீட்டு டெலிவிஷனில் சோப்பு விற்கிறார்.
இவர் வந்தால் அம்மா
சத்தத்தைக் குறைத்துவிடுவாள்."

அங்கேயுமா.

அன்றைக்குத்தான் பஞ்சைப் பிரித்து பல்பை மாட்டினேன்.
கனத்த குரல், அடித்தொண்டையிலிருந்து,
ஒவ்வொரு சொல்லையும் இறக்கி வைக்கிற குரல்.
எனக்கு அதில் பாதி புரியவில்லை.
மயிர்க்கூச்செறிந்தது.
கூட்டம் அரை நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை.
"யார்ரா அது நடுவுல?
வேலுவைப் பேசச் சொல்லு!"

கைக்குட்டையைச் சுற்றிக் கழற்றினேன்.
துணியைத் தாண்டி விரலைச் சுட்டது.
எல்லாரும் என் பக்கம் திரும்பியிருந்தார்கள்.
தையலுக்கு நடுவே அவன் வாய் திறந்து மூடியது,
திறந்து மூடியது.
நான் பேசவில்லை.
சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து
அவன் ஒதுங்கிக்கொண்டான்.