தணிக்கைக் கேள்விக்குப் பதில்

பொருள்: நூல் எண் 4417, இருப்பில் இல்லாமை.

ஐயா,
அது தொலையவில்லை.
எட்டு வருடம் கருமாத்தூர்க் கிளையின் கீழ்த்தட்டில்
முதுகு வெளுக்கக் கிடந்தது.
ஒவ்வொரு பங்குனியிலும் சிவப்பு மையில் 'சரி' போட்டீர்கள்.
யாரும் தொடாத நூல்
கணக்கில் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

ஆடிக்காற்று கதவை அறைந்த ஒரு மதியம்
ஓடிப்போன ஆட்டைத் தேடி வந்தாள் ஒச்சம்மா.
ஏழாம் வகுப்பு. கையில் கருவேலங்குச்சி.
இங்கே ஆடு வரவில்லை என்றேன்.
சரி என்றாள். போகவில்லை.
கடலடி உயிர்களின் படங்களுக்கு முன்
சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்,
வைகையிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் பார்க்காதவள்.

"ஆக்டோபஸுக்கு மூணு இருதயமாம்லக்கா.
அதுல ஒண்ணு நின்னு போச்சுன்னா?"
தெரியாது என்றேன்.
இந்த விவகாரத்தில் நான் செய்த வேலை அவ்வளவுதான்.

படிவத்தில் பிணைக் கையெழுத்துப் போட
அவள் அப்பா ஊரில் இல்லை;
சத்தீஸ்கரில், போர்வெல் லாரியில்.
அம்மா விடியுமுன்பே பூப்பறிக்கப் போய்விடுவாள்.
விதி தெரியும். தெரிந்தேதான்
பதியாமல் கொடுத்தேன்.

தங்கள் நினைவூட்டுக் கடிதம் வந்ததும்
ஞாயிற்றுக்கிழமை மீட்கப் போனேன்.
அவளிடம் இல்லை.
கணக்கு நோட்டின் கடைசித் தாளில் கோடு போட்டு
எழுதி வைத்திருந்தாள்:
கபிலன், மூன்று நாள்.
பேச்சி, ஒரு ராத்திரி.
மாயன், படம் மட்டும்.
தாமதத்துக்கு ஒரு நெல்லிக்காய்.
ஆடு கடித்தது நாற்பத்தொன்றாம் பக்கம் என்று
அதற்கும் ஒரு குறிப்பு, ஆட்டின் பெயரோடு.
என் பேரேடு இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை, ஐயா.

நாட்டாமங்கலத்தில் ஒரு பையன் வைத்திருந்தான்.
இன்னும் இரண்டு நாள் பாக்கி என்று
சட்டைக்குள் செருகிக்கொண்டான்.
நான் நூலகர் என்றேன்.
"நோட்டுல பேரு இருக்கா?" என்றான்.

இல்லை.
திரும்பி வந்து எழுதச் சொன்னேன்.
பதினான்காவது ஆள்.

நூலின் விலை எண்பத்தைந்து ரூபாய்,
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.
'தொலைந்தது' என்று மட்டும் எழுத வேண்டாம்.
அந்தக் கட்டத்தில் வேறு என்ன எழுதுவது
என்று எனக்கும் தெரியவில்லை.

என் முறை தைப்பொங்கல் கழிந்து வரும்.
ஒரு இருதயம் நின்றால்
மற்ற இரண்டும் என்ன செய்யும் என்று
பார்த்து, தனிக் கடிதத்தில் தெரிவிக்கிறேன்.

வீ. பவளக்கொடி,
நூலகர்