எத்தனை நாளைக்கு ஒன்று

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில்
எங்கள் எடைமேடை ரசீதுக்கு மூன்று நகல்.
வெள்ளை டிரைவருக்கு, மஞ்சள் கம்பெனிக்கு,
ரோஸ் யாருக்கென்று எட்டு வருடமாய்த் தெரியவில்லை.
அதன் முதுகில்தான் எழுதுகிறேன்.

எழுதியதைப் பெரிதாக்கி
ஜெராக்ஸ் எடுத்துத் தருவாள் நஜிமுன்னிசா.
மைதா காய்ச்சி
டீக்கடைக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே
சுவரில் ஒட்டுவேன்.
கதை இல்லை. கவிதை என்றும் சொல்லமாட்டேன்.
அன்றைக்குக் கண்ணில் பட்டது.
கன்டெய்னர் கதவிடுக்கில் பூத்திருந்த ஏதோ ஊர்ச் செடி.
ஒருநாள் ஒரு வண்டி நிறைய
சக்கர நாற்காலிகள், ஆளில்லாமல்.

முதலில் தினம் ஒன்று.
பத்தொன்பது நாள் ஓடியது.
பன்னிரண்டாம் நாளே தெரிந்துவிட்டது,
பார்ப்பதற்கு முன்பே எழுதுகிறேன் என்று.
மழை பெய்ததாக எழுதிவிட்டு
மழைக்காக வாசலில் நின்றேன்.
பதினாறாம் நாள் தாளை
நீங்கள் படிக்காமலிருந்தால் நல்லது.

"தெனம் ஒட்னா எவம்மா நின்னு பட்ப்பான்?
நேத்துதா இன்னிதான்னு நானே முழிக்கிறேன்"
என்றார் டீ மாஸ்டர்.
"வெள்ளிக்கு வெள்ளி வை, ஜனங்களுக்கு
ஒரு நெனப்பு இருக்கும்" என்றாள் நஜிமுன்னிசா.
அவளுக்கு வெள்ளிக்கிழமை கூட்டம் கம்மி.
அடுத்த ஷிப்ட் எப்சிபா சோற்றுடப்பாவை மூடியபடி,
"வந்தா எய்து. வர்லன்னா பொத்திக்கினு இரு."

வெள்ளிக்கிழமைகளில் என்ன ஆனதென்றால்
வியாழக்கிழமைகள் கெட்டுப்போயின.

பிறகு, வந்தால் பார்க்கலாம் என்றிருந்தேன்.
வரவில்லை என்று சொல்லமுடியாது.
வந்தது. இதெல்லாம் போதுமா என்று கேட்டு
ஜன்னலருகே நின்றது.
நான் வாயே திறக்கவில்லை. போய்விட்டது.
ஏழு வாரம்.
என் தாளின் மேல் கட்சி மாநாடு,
மாநாட்டின் மேல் மூலத்துக்கு மருந்து.
ஒருவரும் கேட்கவில்லை,
டீ மாஸ்டர் உட்பட.

காலி வண்டியையும் ஏற்றி நிறுத்தி
எடை போடுவது எங்கள் வேலை.
பதினான்கு டன் காலி.
அதைக் கழித்துத்தான் சரக்கு.
பதினாறாம் நாள் தாள்
அவ்வப்போது ஞாபகம் வரும்.

திம்மராயன் ஓசூரிலிருந்து வருகிறவன்.
ஒன்பது நாளுக்கு ஒருதரம், சமயத்தில் இருபது;
துறைமுக வரிசை நகர்வதைப் பொறுத்தது.
ரசீதை வாங்காமல்
ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.
"சக்கர நாற்காலிக்கு அப்புறம் என்னாச்சுக்கா?
நடுவுல எனக்கு நாலஞ்சு தப்பிப்போச்சு."

அவன் கணக்கில் நான் நிறுத்தவே இல்லை.
வராமல் போனது அவன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
ஒன்றும் ஆகவில்லை தம்பி என்று
சொல்லத்தான் நினைத்தேன்.

அன்றிரவு எழுதி, விடியலில் ஒட்டினேன்.
டூட்டி முடிந்து வந்தால் தாளில் பாதி இல்லை.
ஒரு காது மடங்கிய ஆடு
பின்னங்காலில் எழுந்து நின்று
மூன்றாம் வரியை மென்றுகொண்டிருந்தது,
பசையின் ருசியில் கண் சொருகி.
விரட்டக் கை ஓங்கியவள்
இறக்கிக்கொண்டேன்.

இப்போதைக்கு ஏற்பாடு இதுதான்:
அது தின்றால் அடுத்தது.
மூன்று நாளில் தின்கிறது, ஒரே நாளிலும் தின்றிருக்கிறது.
ஈரமாயிருந்தால் மூலையை மட்டும் கடித்துவிட்டுப் போகிறது;
அப்போது ஒரு வரி திருத்தமுடிகிறது.
திம்மராயனுக்கு எது கிடைக்குமோ அது.

"பக்ரீத் வருது, தெரியும்ல?" என்றாள் நஜிமுன்னிசா
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

இன்றோடு ஆறு நாள்.
சுவரில் பழையது முழுசாக இருக்கிறது.
ரோஸ் தாளொன்று சட்டைப்பையில் வேர்க்கிறது.
பசை காய்ச்சும்போது
ஒரு பிடி உப்பு போட்டேன்,
எப்சிபா பார்க்கவில்லை.